இருபத்தாறு இன்ச் தூரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இன்று நலம், நேற்று நலமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று நீ சொன்ன குரல் இன்னும் காதிலேயே நிற்கிறது, வயிற்றில் பால் வார்த்தாய் தாயே.

நீ கிளம்பும்போது பெட்டி எடை கூடிவிட்டது என்று நான் தைத்த கம்பளிக் கோட்டை வெளியே எடுத்து வைத்தாய், எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்து, இதுக்கு இடமில்லைன்னா இனிமே இந்த வீட்டுக்கும் வராதே என்று சொல்லிவிட்டு வாசலுக்குக்கூட வராமல் உட்கார்ந்திருந்தேன். நீ போன பிறகுதான் வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. தையல் கடைக்குப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் நம் ஊரிலிருந்து உன் ஊர் வரை டேப் பிடித்தேன், இருபத்தாறு இன்ச், ஓரத்தில் போட்டிருந்த அளவுப்படி பதினாறாயிரம் கிலோமீட்டர் வந்தது, சாக்பீஸால் நேர்கோடும் இழுத்துவிட்டேன். மணிக்குத் தொள்ளாயிரம் என்றாலும் பதினெட்டு மணி நேரம் வேண்டுமே, டிக்கெட்டில் பதினான்கரை என்றல்லவா இருக்கிறது, அங்கேயே எனக்கு உதைத்தது. மாடி வீட்டு டாக்சிக்காரர் உன் விமானத்தைத் தன் ஃபோனில் காட்டினார், அது நான் இழுத்த சாக்பீஸ் கோட்டை விட்டு வடக்கே பனிப் பக்கமாக ஏறிப் போகிறது. பைலட் வழி தவறிவிட்டான், சுற்றிப் போனால் பெட்ரோல் தீர்ந்துபோகும் என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்து வைத்தேன். வராதே என்று நான் சொன்னதே உன்னிடம் பேசிய கடைசி வார்த்தையாகிவிடுமோ என்று பயந்து அழுதேன், டாக்சிக்காரர் பார்த்துவிட்டார், பரவாயில்லை.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னால் உன் அம்மா பதறவேயில்லை. நறுக்க வைத்திருந்த பூசணிக்காயை எடுத்து, என் சாக்பீஸாலேயே இந்தப் பக்கம் நம் ஊர் அந்தப் பக்கம் உன் ஊர் என்று புள்ளி வைத்து, டேப்பை இழுத்துப் பிடிங்க என்றாள். இறுக்க இறுக்க டேப் உன் விமானம் போலவே காம்புப் பக்கம் ஏறியது, அளவும் குறைந்தது. முப்பது வருஷமா தோளும் முதுகும் அளக்குறீங்க, உருண்டையான உடம்புல டேப் நேராவா போகுது, துணியைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு உலகமே தட்டையாப் போச்சு என்று சிரித்தாள். பாதிதான் நம்பினேன், மீதியை உன் ஃபோன் வந்த பிறகு நம்பினேன். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே இறங்கியிருக்கிறாய். அந்தப் பூசணிக்காயை இன்னும் நறுக்க விடவில்லை.

அங்கே குளிரில் காதை மூடிக்கொள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, அம்மாவிடம் தினமும் ஒரு வார்த்தை பேசு. நான் சொன்னதை மனதில் வைக்காதே அம்மா, கோபத்தில் வந்தது, வாபஸ் வாங்கிக்கொண்டேன். நீண்ட ஆயுளோடு மனம் நிறைந்து இரு. ஒன்றை மறக்காதே, கம்பளிக் கோட்டின் உள்துணியைப் பிரித்து எடை குறைத்துவிட்டேன், தோள் தையல் மட்டும் மூடவில்லை. உன் அளவு வேண்டும். ஃபோனில் சொல்லாதே, நேரில் வந்து நின்றால்தான் டேப் பிடிப்பேன்.

இப்படிக்கு,
பதினான்கரை மணி நேரத் தொலைவில் காத்திருக்கும்
உன் அப்பா