கண்ணைக் கட்டிப் பார்த்த நீரோட்டம்

பரளச்சி,
12.6.2024

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பாய். காலையில்தான் போனில் பேசினோம். ஆனால் புத்தகங்களைப் பற்றிக் காகிதத்தில்தான் எழுத வேண்டும், எழுதினால்தான் யோசனை தெளியும் என்று சட்டம் போட்டவள் நீ. ஊரில் பரிசம் போட்ட மாப்பிள்ளைக்கு வாட்ச் வரும், மோதிரம் வரும். எனக்குச் சென்னையிலிருந்து மூன்று புத்தகம் வந்திருக்கிறது!

நட்சத்திரப் புத்தகத்தை வேலிக்கருவை நிழலில் படுத்துப் படித்தேன். நம் ரத்தத்தில் ஓடும் இரும்பு என்றோ ஒரு நட்சத்திரத்துக்குள் வெந்ததாமே. அதைப் படித்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் மிதக்கிறது. கரிசல் மிதக்கிறது, ஆடு மிதக்கிறது, பஸ் சத்தமில்லாமல் கானலுக்குள் நீந்திப் போகிறது. கம்ப்யூட்டர் புத்தகத்தில் பாதியிலேயே தூங்கிவிட்டேன், கோபிக்காதே. தெளிவாக யோசிப்பது பற்றிய மூன்றாவதை இன்னும் பிரிக்கவில்லை.

போர் போடுவதற்கு நீரோட்டம் பார்க்க, இந்த மாதக் கடைசியில் உன் அப்பா நம் புஞ்சைக்கு வருகிறார். மாமா உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பதும், தண்ணீர் உள்ள இடத்தில் அது எழுந்து நிற்பதும் எனக்குச் சலிக்கவே சலிக்காது.

உன்
அழகுராஜா

சென்னை,
19.6.2024

அன்பு மச்சானுக்கு,

தூங்கியதற்குக் கோபமில்லை. நானே எங்கள் ஆபீஸ் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மேகம் போவதைப் பார்த்துக்கொண்டு அரைத் தூக்கத்தில்தான் இருக்கிறேன். உங்கள் ஆடு அதில் மிதந்து வருமா என்று பார்க்கிறேன்.

மூன்றாவது புத்தகத்தை உடனே பிரியுங்கள். இங்கே நான் எழுதிய புரோகிராம் சரி என்று நானே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதை உடைத்துப் பார்ப்பதற்கென்றே பக்கத்துச் சீட்டில் ரேணுகாதேவி இருக்கிறாள். தப்பைக் கண்டுபிடித்தால் அவளுக்கு நான்தான் டீ வாங்கித் தர வேண்டும்.

விடை தெரிந்தவன் கை, அவனுக்கே தெரியாமல் விடைப் பக்கம் சாயுமாம். அதனால் கண்ணைக் கட்டிச் சோதிக்க வேண்டும் என்று ஓர் அத்தியாயம் வரும். நீங்கள் நம்புகிற ஒன்றை அப்படிச் சோதித்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள். பார்ப்போம் உங்கள் சாமர்த்தியத்தை!

அன்புடன்,
காளீஸ்வரி

பரளச்சி,
2.7.2024

அன்புள்ள காளி,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

மாமா வந்தார். வடக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. அடையாளத்துக்குக் கல் நட்டோம். அப்போதுதான் எனக்கு உன் அத்தியாயம் ஞாபகம் வந்தது. "மாமா, ஒருக்கா கண்ணக் கட்டிக்கிட்டு நடக்கீகளா?" என்று கேட்டேன். "கட்டுங்க மாப்ள, தண்ணிக்கு என் கண்ணு எதுக்கு?" என்று சிரித்தார். துண்டால் கட்டி, கையைப் பிடித்துச் சுற்றி வந்தேன். நட்ட கல்லைத் தாண்டி நடந்தார், தேங்காய் அசையவில்லை. எங்கெங்கோ நின்றது. கடைசியில், போன வருஷம் புழுதி மட்டுமே வந்த பழைய போர் மேலேயே எழுந்து நின்றது.

துளை போடக் காத்திருந்த போர் வண்டிக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மாமா துண்டை அவிழ்த்து, எங்கே நிற்கிறோம் என்று குனிந்து பார்த்தார். அம்மா நீட்டிய மோரைக்கூட வாங்காமல் வெயிலுக்குள் நடந்து போய்விட்டார். சாயங்காலம் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நீ சொன்னதைத்தானே செய்தேன்? என்ன செய்யட்டும், சொல்.

அழகு

சென்னை,
9.7.2024

மச்சானுக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

சோதனையில் தப்பே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் ரேணுகா என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி தப்பைச் சொல்வாள். ஆபீஸ் வாசலில் கூட்டம் கூட்டிச் சொல்லமாட்டாள். இதைப் போட்ட பக்கம் அந்தப் புத்தகத்தில் இல்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. எங்கப்பா யாரையும் ஏமாற்றியவர் இல்லை மச்சான், அவர் கை அவரை ஏமாற்றியிருக்கிறது.

சிரித்தவர்களையும் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேளுங்கள். தேங்காய் நிஜம்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பொய் சொல்லி என்னைக் கட்டினால் காலமெல்லாம் அதோடும் குடித்தனம் நடத்த வேண்டும். அப்பா சம்மதிக்காமல் நானும் வரமாட்டேன். அழுதுகொண்டேதான் எழுதுகிறேன்.

காளீஸ்வரி

பரளச்சி,
16.7.2024

அன்புள்ள காளி,

நேற்று மல்லாங்கிணற்றுக்கு, உங்கள் வீட்டுக்குப் போனோம். போர் வண்டிக்காரர்கள் பார்க்க மாமா காலில் விழுந்தேன். தூக்கிவிட்டார். நீ அனுப்பிய புத்தகத்தைப் படித்துத்தான் கண்ணைக் கட்டச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"அது கெடக்கட்டும். தேங்கா பொய்யா மாப்ள?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நீ எனக்கு. "நீங்க பொய் இல்ல மாமா. தேங்காதான்," என்றேன்.

காட்டுப் பக்கம் திரும்பினார். ஒரு மேகத்தின் நிழல் மெல்ல ஊர்ந்து எங்களையும் தாண்டிப் போனது. அது போவதைப் பார்த்தபடியே சொன்னார்.

"தையில கல்யாணத்த வச்சுக்கிருவோம். எம் மக மேல எனக்கென்ன கோவம்? ஆனா மாப்ள, விடிஞ்சா யாராச்சும் தண்ணி பாக்கக் கூப்புட வாசல்ல நிப்பாக. நாளைக்கு நான் எந்திரிச்சு எங்க போறது? அதையும் அந்தப் பொத்தகத்துல போட்டிருக்கா?"

வந்ததும் மூன்று புத்தகத்தையும் புரட்டிவிட்டேன், தூங்கிய இடத்திலிருந்தும் படித்துவிட்டேன். எதிலும் இல்லை. அப்படி ஒரு புத்தகம் உனக்குத் தெரிந்தால் அனுப்பி வை. இல்லாவிட்டால் நீ வா.

உன்
அழகுராஜா