நரி இல்லாத கதை

என் குளத்து வாத்துக்கு,

திகைக்காதே. பாப்பா பாடியதைப் பதிவு செய்து போனில் அனுப்பினாயே, பாட்டு முடிந்ததும் நிறுத்த மறந்துவிட்டாய். அப்புறம் நீ அவளுக்குச் சொன்ன தூக்கக் கதையும் சேர்ந்தே கப்பலுக்கு வந்துவிட்டது. இன்ஜின் அறையில் வேலை முடிந்து, கையெல்லாம் கிரீஸோடு நின்றபடியே முழுவதும் கேட்டேன்.

ஒரு வாத்து கடல் பார்க்கப் புறப்படுகிறது. இன்னொன்று குஞ்சோடு குளத்திலேயே இருக்கிறது. பாப்பா கேட்கிறாள்: "ஊர் சுத்தப் போன வாத்தை நரி புடிச்சிடும்ல?"

நான் சின்ன வயதில் கேட்ட கதைகளில் எல்லாம் நரி பிடித்துத்தான் இருக்கிறது. போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டேன்.

"நம்ம கதையில நரியே கிடையாது" என்றாய் நீ.

"அப்ப வீட்டு வாத்து அழுமா?"

"அது எதுக்கு அழணும்? அதுக்குக் குளம்னா உசுரு, இதுக்குக் கடல்னா உசுரு."

நான் கிளம்பிய அன்று, பிள்ளையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறேன் என்று உன் அக்கா வாய்க்கு வந்தபடி பேசினார். நீ ஒன்றும் பேசாமல் என் பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தாய். நீயும் அப்படித்தான் நினைக்கிறாயோ என்று அந்த மௌனம் இத்தனை மாதம் என் மண்டையைக் குடைந்தது. இனிக் குடையாது. போனில் நன்றி சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதம் இறங்குகிறேன். பெட்டியைப் பரண்மேல் ஏற்றுவதா, மறுபடி கிளம்புவதா என்று வந்து பேசுவோம். அதுவரை ஓர் உதவி செய். கதையில் வாத்தை வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வா. கதவை மட்டும் திறந்துவிடாதே. நானே வந்து தட்டுகிறேன்.

உன்
கடல் வாத்து