இடதுபக்கக் கண்ணாடி

2025 ஜூலை 12, சனி

கார் இன்றும் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு பாஸ்கரன் வந்து தள்ளினார். தள்ளிக்கொண்டே, "சார், பேசாம இத எக்ஸ்சேஞ்சுல போட்டுடுங்க" என்றார். தள்ளுகிறவருக்கு யோசனை சொல்ல உரிமை உண்டு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

என் மனைவி ஞானமும் மகள் ஜெபிஷாவும் கேட்டருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபிஷாவுக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று போன வாரம்தான் அழைத்து வந்தோம். மாப்பிள்ளை சத்தியராஜுக்கு ஓசூரில் வேலை. சனி ஞாயிறு வந்தால் உண்டு. கேபை நம்பி உட்கார முடியாது. ஒரு தூறல் போட்டால் போதும், எங்கள் கோவில்பதாகைக்குள் வர மாட்டேன் என்று கேன்சல் செய்துவிடுகிறார்கள். ஆக, வலி எடுத்தால் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியது நான். நானும் இந்த வண்டியும்.

ஜெபிஷா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு அவள் வாய்விட்டே சொல்லியிருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் கேட் தூணில் வண்டி உரசிவிட்டது. இடதுபக்கக் கதவில் நீளமாகக் கீறல். அந்தப் பக்கக் கண்ணாடி லூசாகிவிட்டது, அதில் ஒன்றும் தெரிவதில்லை. ஞானம் இறங்கிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கீறலை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு ஆராதனைக்குப் போய்விட்டாள்.

ஏன் திட்டவில்லை? பிரசங்கம் முழுக்க இதுதான் ஓடியது.

ஜூலை 19, சனி

சாப்பிட்ட பிறகு ஜெபிஷா போனில் புது வண்டிகளாகக் காட்டினாள். சிவப்பு, நீலம், எல்லாம் முறைக்கிற முகத்தோடு இருக்கின்றன. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னேன். முப்பது வருடம் பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன், குறை சொல்லவா தெரியாது?

கடைசியில் போனை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ப்பா, நான் வலியில இருக்கும்போது நடுவழியில நின்னுட்டா என்னப்பா பண்ணுவேன்?"

நிற்காது என்றேன். எப்படித் தெரியும் என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். என்ன பதில் இது! குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

உண்மையைச் சொன்னால், பாசத்தால் மட்டும் இதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இந்த வண்டி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று என் உடம்புக்குத் தெரியும். பார்த்து ஓட்ட வேண்டியதில்லை. புது வண்டி என்றால் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

ஜூலை 28, திங்கள்

குமணன்சாவடியில் சம்பத் ஒர்க்‌ஷாப். ஸ்டார்ட்டர் சரியாகிவிட்டது. இனி மூன்று மாதத்துக்குக் கவலையில்லை என்கிறான். அப்படியே ஹெட்லைட்டையும் பார், சாயங்காலமானால் ரோடே தெரியவில்லை என்றேன். ஷட்டரை இறக்கிவிட்டு லைட்டைப் போட்டான். சுவரெல்லாம் வெளிச்சம்.

"லைட்டு நல்லா கீது அண்ணாத்தே. போன தபாதான் பல்பு மாத்துனேன். சைடு கண்ணாடியும் டைட்டா கீது. இன்னும் இன்னா பண்ண சொல்ற?"

மாற்று என்றேன். மாற்றினான். திரும்பி வரும்போது பார்த்தால் அதே மங்கல். என்ன பல்பு விற்கிறார்களோ.

ஆகஸ்ட் 2, சனி

ஞானம் வாரத்தில் மூன்று நாள் கொயர் பிராக்டிஸ் என்று கிளம்பிவிடுகிறாள். ஸ்கூல் வேலை முடிந்து வந்ததும் ஒரு வாய் காபி, உடனே ஸ்கூட்டர். அறுவடைப் பண்டிகைக்கு இவ்வளவு பாட்டா?

ஆகஸ்ட் 6, புதன்

இந்த டிரைவிங் ஸ்கூல்காரர்களை ரோட்டில் விடவே கூடாது. சாயங்காலம் ஜெபிஷாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது குமணன்சாவடி தாண்டி ஒரு எல் போர்டு வண்டி, மாட்டுவண்டி வேகத்தில். ஹார்ன் அடித்துப் பார்த்தேன். ஒதுங்கவில்லை. வலதுபக்கம் ஏறிப் பக்கத்தில் போய்ச் சேரவும் நெரிசலில் இரண்டு வண்டியும் நின்றன. யாரோ ஒரு பொம்பளை, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு.

"ஊட்ல சொல்லிகினு வந்தியாம்மா?" என்று கத்திவிட்டு வந்தேன். ரிட்டயர் ஆன மனுஷன் பேசுகிற பேச்சா என்றால் இல்லைதான். ஆனாலும் மனசுக்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

எப்படி எழுதுவது?

காலையில் ஞானம் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நேற்று ஒரு எல் போர்டு வண்டியைத் திட்டினீர்களா என்று கேட்டாள். உனக்கு யார் சொன்னது என்றேன்.

"வீட்ல சொல்லாமதாங்க வந்தேன்" என்றாள்.

புரியவில்லை. பிறகு புரிந்தது. சிரிப்புத்தான் முதலில் வந்தது. கொயரும் இல்லை, பாட்டும் இல்லை, டிரைவிங் கிளாஸ்! கல்யாணமான புதிதில் வாங்கிய லைசென்ஸ், புதுப்பித்துப் புதுப்பித்து பீரோவில் வைத்திருந்தாள். கிளட்ச் போய்விடும் என்று நான்தான் வண்டியைத் தொட விட்டதில்லை. சிரித்துக்கொண்டே, திருடி, என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"பக்கத்துல வந்து நின்னீங்க. என் மூஞ்சியப் பார்த்துத்தான் திட்டினீங்க. நான் சிரிச்சேங்க. நீங்களும் சிரிப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க."

பொழுது சாய்ந்துவிட்டது என்றேன். நெரிசல் என்றேன். நீ வண்டி ஓட்டுவாய் என்று கனவா கண்டேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூணில் உரசிய அன்றிலிருந்தே என் கண்ணைப் பற்றித் தெரியுமாம். அதற்கு முன்பே சந்தேகமாம். வண்டியை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பிள்ளையைக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும் என்றுதான் கிளாஸுக்குப் போனாளாம்.

என் பொண்டாட்டி. கையை நீட்டினால் தொடுகிற தூரம். யாரோ ஒரு பொம்பளை என்று நேற்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சாவியை எடுக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. ரயிலில் போனோம். ஒரு மிஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கே வெளிச்சப் புள்ளி வந்தாலும் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டிருந்தேன். நடுவில் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. சரி, இடைவேளை விடுகிறார்கள் போல என்று உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பெண் மெதுவாகத் தோளைத் தொட்டு, "சார், தூங்கிட்டீங்களா?" என்றாள்.

தூங்கவில்லையம்மா.

கண்ணுக்குள் பிரஷராம். ஓரப் பார்வையை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது, இடது பக்கம் அதிகம். வலி இருக்காது, அதனால் தெரியாது. மங்கலும் அதனால்தான். போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரிதான் பேசினார். "வண்டி மட்டும் இனிமே ஓட்டாதீங்க சார். உங்களுக்காக மட்டும் சொல்லல" என்றார்.

வரும்போது ரயிலில் ஞானம் என் இடதுபக்கம் உட்கார்ந்தாள். வழக்கமாக ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுகிறவள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இனிமே நான் எதுக்கு? பால் வாங்கறதுக்கா? நாளைக்குப் பேரப்பிள்ளைய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போணும்னு எவ்ளோ ஆசையா இருந்தேன்... போச்சு. எல்லாம் போச்சு.

வண்டிக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கு. லைட்டு நல்லா இருக்கு, கண்ணாடி நல்லா இருக்கு. நான்தான்.

ஜெபிஷா வந்து மருந்து போட்டாள். மேலே பாருப்பா என்றாள். அவளுக்கு நான் இப்படித்தான் போட்டுவிடுவேன், மெட்ராஸ் ஐ வந்தபோது. ஒரு சொட்டு கண்ணில் விழுந்தது, மீதி கன்னத்தில். அவள் அழுதுகொண்டிருந்தாள். என் அப்பா கண்ணு என்று தாடையைப் பிடித்துக் கொஞ்சிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஞானம் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்து சர்ச்சுக்குப் போனோம். கிளம்பும் முன் ஸ்டியரிங்கில் தலைசாய்த்து ஜெபித்தாள். எனக்காகவா, வண்டிக்காகவா, கேட்கவில்லை.

தெரு முனை வருவதற்குள் நான் கியரை மாற்று, ஹார்ன் அடி, ஆட்டோ வருது பார் என்று ஆரம்பித்துவிட்டேன். ஓரமாக நிறுத்தினாள். "நீங்க வாயால ஓட்டறதை நிறுத்தினாத்தான் நான் கையால ஓட்ட முடியும்" என்றாள். பின்னால் ஜெபிஷா சிரித்துச் சிரித்து, ஐயோ வயிறு என்று பிடித்துக்கொண்டாள்.

தூணைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். படவில்லை. இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் கிளட்ச்சை மிதித்து மிதித்து வீட்டுக்கு வந்ததும் முட்டியில் தைலம் தேய்த்தாள். எனக்குத் தெரியாமல் தேய்ப்பதாக நினைப்பு. தைல வாசனைக்குக் கண் வேண்டுமா?

செப்டம்பர் 6, சனி

அம்பத்தூரில் ஷோரூம். பேச்சை நான்தான் கிளப்பினேன். உங்களுக்கு மனசு வருமா என்று ஞானம் இரண்டு தடவை கேட்டாள். என் உடம்புக்குப் பழகியது என்றுதான் வைத்திருந்தேன். இனி என் உடம்பு ஓட்டப்போவதில்லையே என்றேன். சொன்ன பிறகு லேசாக இருந்தது.

விற்கிற பையன் என்னிடமே பேசிக்கொண்டிருந்தான். சார் இது, சார் அது. கிளட்ச்சே இல்லாத வண்டியைத் திறந்து, சார் உட்காருங்க என்று டிரைவர் சீட்டைக் காட்டினான்.

"ஓட்டப் போறது அவங்க. அவங்களக் கேளுப்பா" என்றேன்.

ஞானம் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் தள்ளினாள், கண்ணாடியைச் சரி செய்தாள். அந்த முகத்தை நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். இவ்வளவு நாள் ஏன் இவளை அந்தப் பக்கம் உட்கார விடாமல் வைத்திருந்தேன்?

கலரைக் கேட்டபோது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் என்றேன். தூரத்திலேயே எனக்குத் தெரியும் என்பதற்காக. புரிந்துகொண்டாள். பண்டிகைக் கூட்டம், வண்டி கைக்கு வர அக்டோபர் ஆகிவிடுமாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

பெண் குழந்தை. இருவரும் சுகம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. தேதி இன்னும் இருக்கிறது, சத்தியராஜ் ஓசூரில், வெளியே கொட்டுகிற மழை. கேப் கேன்சல், இன்னொன்றும் கேன்சல். ஞானம் ஸ்கூலிலிருந்து அரை நாளில் வந்திருந்தது கடவுள் செயல். சாவியை எடுத்து அவள் கையில் நான்தான் கொடுத்தேன்.

நான் பின்சீட்டில், ஜெபிஷாவின் தலை என் தோளில். வேலப்பன்சாவடி பக்கம் தண்ணீரில் வண்டி அணைந்தது. என் வலது கால், அங்கே இல்லாத ஒரு ஆக்ஸிலேட்டரை மிதித்தது. ஜெபிஷா என் கையை முறுக்கினாள். ஞானம் சாவியைத் திருப்பினாள். பிடித்தது.

நான் அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. வழி முழுக்க ஒரு வார்த்தைகூட.

செப்டம்பர் 23, செவ்வாய்

டிஸ்சார்ஜ். ஞானம்தான் ஓட்டினாள். முன்சீட்டில் சத்தியராஜ், பின்னால் ஜெபிஷாவும் நானும். குழந்தையை யார் பிடித்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது, ஜெபிஷா சாய்ந்துகொண்டு, "அப்பா கைதான் சும்மா இருக்கு" என்றாள்.

உண்மைதான். பிறந்த குழந்தையாக ஜெபிஷாவை இப்படி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை.

துணியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ரோட்டில் என்ன வந்தது, யார் ஹார்ன் அடித்தது, ஞானம் எந்த கியரில் போனாள், எதுவும் எனக்குத் தெரியாது. குனிந்தபடியே வந்தேன். மூக்கு ஞானத்தின் மூக்கு. இமையில் முடி இப்போதுதான் வருகிறது, மேல் உதட்டில் பால் கொப்புளம். இவ்வளவு கிட்டத்தில் எனக்கு எல்லாம் தெரிகிறது.