இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

போனில் நான் "ம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை, அந்த "ம்"மைக் கேட்கக் காசு கொடுத்துப் போன் எதற்கு, பேனாவை எடுத்து எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். எழுதுகிறேன்.

வந்து சேர்ந்தேன். அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு மேசை, கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு நேர் கீழே சைக்கிள் கடை. காலையில் டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தத்தில் விழிப்பு வருகிறது. சாப்பாடு அலுவலகக் கேன்டீனில். ருசி தெரியவில்லை. அது கேன்டீனின் குற்றமா என் நாக்கின் குற்றமா என்று புரியாததால் யாரையும் குறை சொல்லவில்லை.

என்ன வேலை என்று அண்ணன் கேட்டார். மாகாண அரசுகள் மக்களுக்குச் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்ய உதவுவதுதான் எங்கள் குழுவின் வேலை. தண்ணீருக்கு ஒருவர், பள்ளிக்கூடங்களுக்கு ஒருவர், குளிர்சாதனம் படித்த நான் தடுப்பூசிக்கு. இங்கே ஊசி போட்ட பிள்ளைகளுக்கே கக்குவான் இருமல் வருகிறது. நர்ஸுகள் போடாமலேயே போட்டதாகச் சொல்கிறார்கள் என்று மாகாணச் சுகாதாரச் செயலாளர் சந்தேகப்படுகிறார். மருந்தை வைத்திருக்கும் ஃப்ரிட்ஜுகளை நான் பார்க்க வேண்டும். மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பாப்பா என்னைத் தேடினால் வேலைக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லுங்கள். தேடாவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் தங்கையின் துணிப்பெட்டியை இப்போதைக்குத் திறக்காதீர்கள். திறந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

கடுதாசி வந்துச்சு. உங்க அண்ணன் படிச்சுட்டு, "இது கடுதாசியா, மிக்ஸி வாங்கினா அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு தாள் வருமே, அதுவா?"ன்னு கேட்டார். நாக்குக்கு ருசி தெரியாட்டிப் போகுது, வயித்துக்குப் பசி தெரியும். நேரத்துக்குச் சாப்பிடுங்க.

கடையில மெஷின் முன்னால உட்கார்ந்துதான் எழுதறேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தச்சு மாளலை. உங்க பொண்ணு, அந்த வாலு, பட்டன் டப்பாவைக் கவுத்துப் போட்டு ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சுட்டா. இது அப்பா, இது பெரியம்மா, இது எதிர்வீட்டு நாய். நான் தெரியாத்தனமா அப்பா பட்டனை எடுத்து ஒரு வாடிக்கைக்காரம்மாவோட சட்டையில தச்சுட்டேன். அந்தம்மா கிளம்பறப்போ இவ போய்ச் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. "எங்கப்பாவ எங்க கூட்டிட்டுப் போறீங்க?" அந்தம்மாவுக்கு முகமே வெளுத்துப்போச்சு. கடையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், அப்புறம் உள்ள போய் மூக்கைச் சிந்திட்டு வந்தேன். பட்டனை அறுத்து வாங்கித்தான் கொடுத்தேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போன என் தங்கச்சி, நம்ம சின்னவ, திரும்பி வரலை. நீங்க பிள்ளையை எங்கிட்ட விட்டு, "கொஞ்ச நாளைக்கு அண்ணி"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டீங்க. கொஞ்ச நாள்னா எவ்வளவு? ஏப்ரல் கடைசிக்குள்ள பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். இங்க சேர்க்கட்டுமா, இல்ல நீங்க கூட்டிட்டுப் போறீங்களா? பாரம்னு நினைச்சுக் கேட்கலை, அது உங்களுக்கே தெரியும். நாலு வயசுப் பிள்ளைக்கு எது நம்ம வீடுன்னு தெரிய வேண்டாமா?

பதில் போடுங்க. அதுலயும் "ம்"னு எழுதி அனுப்பாதீங்க.

அண்ணி

மார்ச் 8

அண்ணி,

கண்டுபிடித்துவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

இந்த மாகாணத்திலேயே முதல் இடம் என்று விருது வாங்கிய சுகாதார நிலையம் ஒன்று இருக்கிறது. அந்த நர்ஸம்மா அவ்வளவு சுத்தம், அவ்வளவு ஒழுங்கு. ஆனால் அங்கே ஊசி போட்ட பிள்ளைகள்தான் அதிகமாக இருமுகிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நிலையம். அங்குள்ள நர்ஸுக்கு எங்கள் ஜீப் டிரைவர் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அங்கே ஒரு பிள்ளையும் இருமவில்லை. அதிகாரிகள் உடனே முடிவு கட்டிவிட்டார்கள், விருது வாங்கியவர் பொய் சொல்கிறார் என்று. விசாரணைக் கோப்பும் திறந்தாயிற்று. வேலை போய்விடும்.

அந்த அம்மா என்னிடம் சண்டை போடவில்லை. "போடாமலா சார் அத்தனை பிள்ளைங்க அழுதாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே ஃப்ரிட்ஜுக்குள் விரல் நீளக் கருவி ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். யாரும் திறக்காமலே அது உள்ளே இருக்கும் குளிரைக் குறித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். பகலில் ஐந்து, ஆறு. ராத்திரியில் மைனஸ் மூன்று! மருந்து உறைகிறது, அண்ணி. ஒரு தடவை உறைந்த மருந்து இளகினாலும் செத்த மருந்துதான். ஊசியில் ஏறும், பிள்ளை அழும், ஆனால் நோயைத் தடுக்காது.

ஏன் உறைகிறது என்பதுதான் வேடிக்கை. மணிக்கொரு தடவை கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும் என்பது செயலாளரின் உத்தரவு. நர்ஸம்மா ஒரு மணியையும் விட்டதில்லை. திறக்கத் திறக்க வெளிச்சூடு உள்ளே போகிறது. எட்டைத் தாண்டிவிடப் போகிறதே என்ற பயத்தில் குளிரைக் கூட்டும் குமிழைத் திருகி வைக்கிறார். பகலெல்லாம் சரியாக இருக்கிறது. சாயங்காலம் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அப்புறம் கதவைத் திறக்க ஆளில்லை, குமிழோ திருகின இடத்திலேயே இருக்கிறது. உறைந்துபோகிறது. விடியற்காலையில் இங்கே தினமும் கரண்ட் போகும். அவர் வந்து திறப்பதற்குள் எல்லாம் இளகி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஐந்து காட்டும். தூங்குமூஞ்சி உத்தரவை மதிக்கவே இல்லை, அதனால் அவர் மருந்து பிழைத்தது.

இதை விளக்கிச் சொன்னபோது நர்ஸம்மா சுவரில் மாட்டியிருந்த தன் விருதுச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் கவனமா இருந்ததாலதான் கெட்டுச்சா சார்?"

அவரே சமாளித்துக்கொண்டு டீ வரவழைத்தார். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள் என்றார். வீடு என்றதும் எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு அவரிடமே தாள் வாங்கி உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

டீ இனித்தது. சர்க்கரை அதிகம். எனக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூட விஷயம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

உங்க கடுதாசியைக் கடையில சத்தமாப் படிச்சுக் காட்டினேன். கத்திரிக்கோல் பிடிச்ச கையெல்லாம் நின்னுபோச்சு. உங்க அண்ணனுக்குத் தலைகால் புரியலை, தெருவுல போறவனையெல்லாம் கூப்பிட்டு "எங்க சகலை"ன்னு ஆரம்பிச்சுடறார். எங்க தடிப்பசங்க ரெண்டு பேரும் இப்ப ஃப்ரிட்ஜைத் தொட்டாலே திட்டு விழுது. அந்த நர்ஸம்மா வேலையைக் காப்பாத்துங்க. விடாதீங்க.

அதெல்லாம் சரி. கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்களே, யோசிக்கறேன்னு. ஃப்ரிட்ஜுக்கு ரெண்டு பக்கம், பெத்த பொண்ணுக்கு ஒரு வரி.

நானும் ஒண்ணு சொல்லணும். சொல்லாம மறைச்சா எனக்குத் தூக்கம் வராது. போன வாரம் வாலு கீழே விழுந்து முட்டியைத் தேய்ச்சுக்கிட்டா. ஓடிப்போய்த் தூக்கினேன். கழுத்தைக் கட்டிக்கிட்டு "அம்மா"ன்னா. வலியில சொல்றான்னு விட்டேன். மறுநாள் காலையில பல் தேய்க்கறப்போ சாதாரணமாக் கூப்பிட்டா, "அம்மா, துண்டு." நான் திருத்தலை தம்பி. துண்டை எடுத்துக் கொடுத்தேன். அன்னிலேர்ந்து அப்படித்தான் கூப்பிடறா, நானும் என்னன்னு கேட்கறேன். என் தங்கச்சிக்கு உரியதை நான் எடுத்துக்கிட்டேனோன்னு தோணிக்கிட்டே இருக்கு. அதே சமயம், கூப்பிடற குரலைக் கேட்டா வேண்டாம்னு சொல்ல வாய் வரலை.

பகல்ல நீங்களும் நல்லாத்தான் வேலை பார்க்கறீங்க, எல்லாரும் பாராட்டறாங்க. ஃப்ரிட்ஜுக்குள்ள கருவி வெச்சீங்களே, உங்களுக்குள்ள யாரு வெக்கிறது?

ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. வந்து கூட்டிட்டுப் போறதுன்னா போங்க, என் கையாலயே மூட்டை கட்டித் தர்றேன். இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க, பள்ளிக்கூடத்துல அம்மாங்கற இடத்துல என் பேரையே சொல்லிடறேன், எங்க ரெண்டு பையனோட மூணாவதா இருப்பா. ஆனா லீவுக்கு லீவு பொம்மையோட வந்து போற விருந்தாளியா மட்டும் இருக்காதீங்க. அதைப் பிள்ளை தாங்காது. நானும் தாங்க மாட்டேன்.

அண்ணி

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணி,

உங்கள் கேள்விக்குப் பதில் இந்தக் கடிதத்தின் முடிவில் இருக்கிறது. தயவுசெய்து தாவிப் போய்ப் படிக்காதீர்கள். நடந்ததைச் சொன்னால்தான் அந்தப் பதில் எப்படி வந்தது என்று விளங்கும்.

உத்தரவு தப்பு என்று செயலாளரிடம் சொல்ல இங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. அவரே எழுதிய உத்தரவு. அதனால் அவர் அறையிலேயே இரண்டு ஃப்ரிட்ஜ் வைக்க அனுமதி கேட்டேன். இரண்டிலும் ஒவ்வொரு தண்ணீர் பாட்டில். ஒன்றுக்கு வெளியே எண் காட்டும் வெப்பமானி, அதன் கதவைத் தொடக் கூடாது. இன்னொன்று அவருடைய உத்தரவுப்படி. "நானே பார்த்துக்கறேன்" என்றார். மனிதர் ஒவ்வொரு மணிக்கும் கோப்பை மூடிவிட்டு எழுந்து போய்த் திறந்து பார்த்தார். மதியத்துக்கு மேல் ஒன்பது காட்டியது. அவராகவே குனிந்து குமிழைத் திருகினார்.

"இவ்வளவுதானே. இதுக்கு ஒரு இன்ஜினியரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை மாவட்ட அதிகாரிகள் எல்லாரும் கூடியிருக்க, அவர் குமிழைத் திருகின ஃப்ரிட்ஜை அவரே திறந்தார். செயலாளர் கட்டடத்தில் கரண்ட் போவதில்லையே, இளக வழியில்லை. திறந்த பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. கதவைத் தொடாத ஃப்ரிட்ஜில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அதிகாரிகள் கூரையில் மின்விசிறி எத்தனை என்று எண்ண ஆரம்பித்தார்கள். அவர் அந்தப் பாட்டிலைத் தன் மேசைமேல் வைத்தார்.

"அந்த நர்ஸ் மேல ஒரு கோப்பு இருக்குமே, கொண்டு வாங்க. அவங்க பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க."

சாயங்காலத்துக்குள் பழைய உத்தரவு ரத்து. மாகாணம் முழுக்க வெளியே எண் காட்டும் வெப்பமானி. செத்த மருந்து போட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் மறுபடி ஊசி. நர்ஸம்மாவுக்கு அவரே போன் செய்தார்.

மறு ஊசி போடுகிற அன்று நானும் அங்கே இருந்தேன். கூட்டம் தெரு வரைக்கும். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், கூட வந்த மூத்தவளை, "சார், இவளைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்று என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நம் பாப்பா வயதுதான். என் அடையாள அட்டையை இழுத்துப் பார்த்து, இது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

"இல்ல. இது சிரிக்குது."

அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அப்போது ஒத்துக்கொண்டாள். அம்மா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. "அம்மா, துண்டு" என்ற இடத்தை மறுபடி படித்தேன். வலித்தது, அண்ணி. உங்கள் தங்கை போன பிறகு எனக்கு வலிப்பது இதுதான் முதல் தடவை. அதற்காக உங்கள் மேல் கோபமில்லை. துண்டு கேட்கும் பிள்ளையிடம் யாரால் திருத்திச் சொல்ல முடியும்?

செயலாளர் என்னை இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார். ராத்திரியில் வெளியூரில் தங்க மாட்டேன், பிள்ளை கூட இருப்பாள் என்றேன். "பிள்ளை ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதே?" என்று கேட்டார். பார்ப்பாள், கொஞ்சம் வாலு என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். மருந்துக் கிடங்குக்குப் பின்னால் கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீடு. மதில் தாண்டினால் பள்ளிக்கூடம். பள்ளி விட்டதும் என் மேசைக்குப் பக்கத்திலேயே இருப்பாள், அதற்குச் சின்ன மேசை ஒன்று வாங்கியாயிற்று.

பாப்பா தூங்கும்போது கால்மேல் கால் போட்டுக்கொள்வாள், அவள் அம்மா மாதிரியே. அதைப் பார்க்க முடியாமல்தான் நான் கிளம்பி வந்தேன். இப்போது அதைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். கூட்டிக்கொண்டு போக வருகிறேன். உங்களிடமிருந்து பிடுங்குகிறேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. எழுதிவிடாதீர்கள்.

தம்பி

ஏப்ரல் 14

தம்பிக்கு,

தாவிப் போய்த்தான் படிச்சேன். அப்புறம் முதல்லேர்ந்து படிச்சேன். அந்தச் செயலாளர் நல்ல மனுஷன், ஒரு சட்டை அளவு அனுப்பச் சொல்லுங்க, தச்சுத் தர்றேன்.

வாலுவை மடியில உட்கார வெச்சு, "நான் உன் அம்மா இல்லடா, பெரியம்மா. உன் அம்மா என் தங்கச்சி"ன்னு சொன்னேன். எப்படித்தான் சொல்லி முடிச்சேனோ. அவ என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "தெரியுமே. சும்மா கூப்பிட்டேன்" அப்படின்னா. நான்தான் அழுதேன். அவ துண்டு எடுத்துட்டு வந்து கொடுத்தா.

அப்பா கூட ஊருக்குப் போறோம்னு எதிர்வீட்டு நாய்கிட்ட வரைக்கும் சொல்லியாச்சு. தூங்கறப்போகூடச் செருப்பைக் கழட்ட மாட்டேங்கறா. உங்க அண்ணன் மட்டும்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கார். நான் நல்லா இருக்கேன். கடையில வேலை நிறைய.

சின்னவளோட துணிப்பெட்டியைக் கேட்காம திறந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க. அவ புடவைங்களை வெட்டி வாலுவுக்கு ஆறு கவுன் தச்சிருக்கேன். எல்லாத்துலயும் கீழ உள்பக்கமா மூணு மடிப்பு விட்டிருக்கேன். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாப் பிரிச்சு விடுங்க, ரெண்டு வருஷத்துக்குத் தாங்கும். மேல் துணி கிழிஞ்சுடாம நூலை மட்டும் பார்த்து அறுக்கணும். பிரிக்கத் தெரியலைன்னா நீங்களா பிளேடை எடுத்து வெச்சுடாதீங்க. ஒரு வரி எழுதிப் போடுங்க, நான் பஸ் ஏறி வர்றேன்.

பெரியம்மா