நம்பர் இல்லாத நாற்பது சட்டைகள்

அம்மா,

ஆதார் நகலைத் தேடி, நீ இல்லாமல் போன பிறகு யாரும் திறக்காத உன் தகரப் பெட்டியைக் கிளறினேன். அடியில் என் இரண்டாம் வகுப்பு நோட்டு கிடந்தது. கடைசிப் பக்கத்தில் இருபத்திரண்டு, ஏழு, முப்பத்தொன்று என்று குட்டிக் குட்டி ஸ்டிக்கர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா வாசற்படி ஓரமாகப் படுத்திருக்கிறார். அவர் புரளும்போதெல்லாம் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன்.

தலையணைக்கு அடியில் இரண்டு விண்ணப்பங்கள் இருக்கின்றன. ஒன்று பிளஸ் ஒன் அக்கவுண்ட்ஸ் குரூப்புக்கு அப்பா சொல்லச் சொல்ல நான் நிரப்பியது. இன்னொன்றை டீச்சர் தந்தார், சயின்ஸ் குரூப்புக்கு. அதையும் நிரப்பிவிட்டேன். காலையில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். இரண்டிலும் அப்பாவின் கையெழுத்து இல்லை.

போன வாரம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். 'உனக்குப் பிடித்தது', பக்கத்தில் 'நீ பார்க்க விரும்பும் வேலை'. பிடித்தது என்ற இடத்தில் 'கலர் பார்க்கப் பிடிக்கும்' என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் எழுத ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரி எட்டிப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "அப்ப சேலைக் கடைல போயி நில்லுடி, நாள் பூரா பாக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகு கூப்பிட்டு, கலர் பார்ப்பது என்றால் என்ன என்று கேட்டார். அந்த நாற்பது சட்டைகளைப் பற்றிச் சொன்னேன்.

உனக்கு ஞாபகம் இருக்குமே. கம்பெனியிலிருந்து வெட்டிய துணியைக் கட்டாகக் கொண்டுவந்து, நம் ஊட்டு ஓவர்லாக் மெஷினில் சட்டை உடம்போடு கைத் துண்டைச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பாய். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். ஏழாம் நம்பர் உடம்புக்கு ஏழாம் நம்பர் கைதான் வர வேண்டும், மாறினால் ஒரே சட்டையில் இரண்டு நிறம் தெரியும். அதெல்லாம் எனக்கு அப்போது எப்படித் தெரியும்? நீ தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அத்தனை ஸ்டிக்கரையும் உரித்து நோட்டில் ஒட்டிவிட்டேன்.

"அய்யோ சாமி, என்ன பண்ணி வெச்சிருக்கற!" என்று கையை ஓங்கினாய். அடிக்கவில்லை. துணிக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். பயத்தில் நான் ஒரு கைத் துண்டை எடுத்து ஒரு உடம்புத் துண்டின் மேல் வைத்து, "அம்மா, இது இதுக்குத்தான்" என்றேன்.

"எல்லாமே கருநீலந்தான கண்ணு?"

"இல்லம்மா. இது கொஞ்சம் செவப்பா இருக்குது. இது பச்சையா இருக்குது."

என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நான்கைந்தைக் கலைத்துப் போட்டாய். நான் மறுபடியும் அதே சோடியைச் சேர்த்தேன். அன்று ட்யூப்லைட்டில் நாற்பதையும் பிரித்து வைத்தோம். காலையில் வாசலில் வெயில்பட விரித்தபோது மூன்று சோடி தப்பாக இருந்தது. அதையும் நான்தான் கண்டுபிடித்து மாற்றினேன். பிறகுதான் நீ தைக்க உட்கார்ந்தாய்.

கம்பெனியில் சூப்பர்வைசர் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஏனக்கா, நம்பர் ஒண்ணையும் காணோம்?"

தைக்கும்போது உதிர்ந்துவிட்டது என்று நீ சொல்வாய் என நினைத்தேன். நீயோ, "எம்புள்ள பிச்சுப்போட்டுதுங்க. ஆனா சோடி மாறலீங்க. லைட்டுல வேண்டாங்க, வெளிய கொண்டாந்து வெயில்ல பாருங்க" என்றாய். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஏன் சொன்னாய் என்று வழியில் கேட்டேன். "மறச்சுக் குடுத்து மாட்டிக்கிட்டா, அப்பறம் நல்லாத் தெச்சதையும் நம்ப மாட்டாங்க கண்ணு."

டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, சாயத்துக்கென்று லேப் இருக்கிறது, கொடுத்த துணியின் நிறத்தை அப்படியே சாயத்தில் கொண்டுவருவதே அங்கே ஒரு வேலை என்றார். "ஆனா கெமிஸ்ட்ரி வேணும். அக்கவுண்ட்ஸ் எடுத்தா அந்தப் பக்கம் திரும்ப முடியாது." என் கண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறதாம் அம்மா.

ஊட்டில் சாயம் என்ற சொல்லையே எடுக்க முடியாது. பத்து வருஷம் சாயப்பட்டறையில் நின்ற அப்பாவின் விரல் இடுக்குகள் இன்னும் வெடித்துக் கிடக்கின்றன. "சாயத் தண்ணி எங்கூடவே போவட்டும். எம்புள்ள ஃபேனுக்குக் கீழ உக்காந்து பேனா புடிக்கோணும்" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. அதனால்தான் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஐந்து மணிக்கு ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எதை நீட்டினாலும், "எங்க கண்ணு?" என்று மட்டும் கேட்டு, நான் விரல் வைத்த இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார். படித்துப் பார்க்க மாட்டார், நான்தானே நீட்டுகிறேன். சயின்ஸ் விண்ணப்பத்தை மடித்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். மதியத்திலிருந்து மூன்று தடவை மடித்துப் பார்த்துவிட்டேன்.

இப்போது அந்த ஸ்டிக்கர்களைப் பார்த்தபடி மடிப்பைப் பிரித்தேன். அப்பாவுக்குச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"கண்ணு, இன்னும் தூங்கலியா?"

போனை அணைத்துவிட்டேன். ஆனாலும் வாய் திறந்துவிட்டது. "அப்பா, நாளைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போடுங்க. விடிஞ்சதும் உங்களுக்கு ரெண்டு ஃபாரம் காட்டோணும்."

"ஒரு ஃபாரந்தான சாமி?"

"ரெண்டுங்கப்பா."

அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "படு. வெளிச்சம் வரட்டும், பாக்கலாம்" என்றார். குரலில் கோபமா இல்லையா என்று தெரியவில்லை. அவரும் தூங்கவில்லை, மூச்சிலேயே தெரிகிறது.

அம்மா, அவர் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். இரண்டையும் மடிக்காமல், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, வாசலில் வைக்கப் போகிறேன். நோட்டிலிருந்து ஏழாம் நம்பரை உரித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் விரலில் ஒட்டுகிறது. அதோடுதான் வாசலுக்குப் போவேன்.