ஒரு குறையும் இல்லாத மனைவி

மதுரை,
12.6.2008

அன்புள்ள பத்மாவுக்கு, அண்ணி ஹம்சவேணி எழுதுவது. முழங்கால் வலியைக் கழித்துப் பார்த்தால் நான் சௌக்கியம். நாக்பூரில் வெயில் குறைந்ததா, அந்த மெஸ் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் எழுது. வீட்டில் நம் சௌராஷ்டிர பாஷையைப் பேசினாலும் எனக்கு எழுதத் தெரிந்தது தமிழ்தான், அதுவும் ஐந்தாம் வகுப்புத் தமிழ். பெரிய ஆபீசில் வேலை பார்க்கிறவள் நீ, பிழையைப் பார்த்துச் சிரித்துக்கொள்.

ஆனால் நேற்று சிரித்தது நான். உன் கவரைப் பிரித்ததும் போட்டோ கீழே விழுந்தது. கீழ் வீட்டு விஜயம் டீச்சர்தான் குனிந்து எடுத்தார். ரிட்டையர் ஆன பிறகு அவருக்கு என் தபாலைப் படிப்பதுதான் உத்தியோகம். கண்ணாடியை ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, "யாருடி ஹம்சா இது, பற்பசை விளம்பரத்துல வர்றவன் மாதிரி இருக்கான்" என்றார். எங்கள் பத்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் என்று சொன்னேன். முப்பத்தேழு வயதுக்கு மேல் என்ன கல்யாணம் என்று ஊருக்கு முந்தி நீயே சொல்லிக்கொண்டு திரிந்தாய். இப்போது மஞ்சள் கலரில் சேலை எடுத்திருக்கிறேன் என்று எழுதுகிறாய். இருபது வருஷமாக எனக்கு ஆகாது, ஆகாது என்று நீ ஒதுக்கிய கலர். உன் அண்ணன் இருந்திருந்தால் வேலை பார்த்த கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை விடாமல் ஏறி இறங்கிச் சொல்லியிருப்பார்.

நீ எழுதியதை டீச்சர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். பெயர் விஜய்ஆனந்த், தாத்தா காலத்தில் மதுரையை விட்டுப் போன குடும்பம், ஸ்காட்லாந்துப் பக்கம் கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கிற இடத்தில் இன்ஜினியர். கம்ப்யூட்டரில் வரன் பார்க்கிற இடத்தில் உன்னைப் பார்த்து, பத்தே நாளில் நீதான் உயிர் என்று எழுதிவிட்டார். உன் அண்ணன் என்னை நிச்சயம் பண்ணி மூன்று மாதம் வரை என் முகத்தையே நிமிர்ந்து பார்க்கவில்லை. காலம் மாறிவிட்டது. கடலில் சிக்னல் இல்லாததால் போனில் பேச முடியாது, எழுதத்தான் முடியும் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் இடித்தது. டீச்சரும் உதட்டைப் பிதுக்கினார். நாங்கள் என்னத்தைக் கண்டோம்.

அவருடைய மனைவி இறந்து நாலு வருஷம் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியில்தான் எனக்கு அவர் மேல் ஒட்டுதல் வந்தது.

இங்கே உன் அண்ணன் போய் எட்டாவது மாதம் நடக்கிறது. போன வாரம் உன் அம்மாவின் அட்டிகை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அரிசி டிரம்முக்குள் கையை விட்டேன். அது உன் கல்யாணத்துக்கென்று அத்தை என்னிடம் கொடுத்தது, உனக்குத் தெரியும். மேலே மேலே அரிசியைக் கொட்டிக்கொள்வதுதான், அடியை நான் பார்த்தே வெகுநாள். கைக்கு அட்டிகைப் பெட்டி தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொரு பொட்டலம். எடுத்துப் பார்த்தால் கால் கிலோ மிக்சர். டாக்டர் உப்பு, எண்ணெய் இரண்டையும் தொடக்கூடாது என்று சொன்ன பிறகு வாங்கி ஒளித்திருக்கிறார். நகை வைத்த இடத்தை நான் அடிக்கடி கிளற மாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அவர் எதிரே நிற்பது போலத் திட்டித் தீர்த்துவிட்டேன். "யாரோடடி சண்டை" என்று டீச்சர் மாடி ஏறி வந்துவிட்டார். அவர் போன பிறகு அந்த மிக்சரைத் தின்றேன். நமுத்துப் போயிருந்தது. முழுவதும் தின்றேன்.

அதனால் உன் விஜய்ஆனந்திடம் நான் கேட்டதாக ஒன்று கேள். அந்த அம்மா பெயர் என்ன? எதற்கெல்லாம் அவரோடு சண்டை போடும்? கேலிக்குக் கேட்கவில்லை. ஒரே மாதிரி அடிபட்டவர்கள் பேசிக்கொள்ள இதை விட்டால் வேறென்ன இருக்கிறது.

சோழவந்தானிலிருந்து ஒரு கட்டு வெற்றிலை வந்தது. உன் நினைவாக நாலு கூடவே போட்டேன். மீனாட்சி உனக்கு எல்லாவற்றையும் நல்லபடியாக நடத்தித் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி ஹம்சவேணி

மதுரை,
8.7.2008

அன்புள்ள பத்மாவுக்கு, அண்ணி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், உடனே படி. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய பிரிண்டுத் தாள்களை விஜயம் டீச்சர் இங்கிலீஷிலிருந்து தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். என் கேள்விக்கு அவர் முழுத்தாளில் பதில் எழுதியிருக்கிறார். அந்த அம்மா தேவதையாம். சிரித்தால் முழு நிலாவாம். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லையாம், அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லையாம். பெயரைக் கேட்டேன் அல்லவா, அதற்கும் "என் தேவதை" என்றே போட்டிருக்கிறார். டீச்சர் தாளைத் திருப்பி, பின்னாலே பெயர் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்.

நான் நல்லவிதமாக எடுத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். வெளிநாட்டில் வளர்ந்தவர், அங்கே இப்படி எழுதுவதுதான் மரியாதையோ என்னவோ என்று நினைத்தேன். ஆனால் மூன்று நாளாக, கூலிக்கு வருகிற சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிற போதெல்லாம் அதே நினைப்பு. ஊசி இரண்டு தடவை விரலில் ஏறிவிட்டது.

நம் பால்காரர் சோணையை உனக்கு ஞாபகம் இருக்குமே. மனைவி போய் ஆறு வருஷம். நேற்று நான் டீ கொடுத்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு, "அவ போட்ட டீயை எங்க வீட்டு எருமைகூட மோந்து பாக்காது தாயி" என்றார். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செத்துப் போனவர்களைத் தேவதை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். துக்கம் விசாரிக்க வந்து பந்தலில் உட்கார்ந்தவர்கூடச் சொல்வார். குறை சொல்ல வேண்டுமென்றால் கூட வாழ்ந்திருக்க வேண்டும். உன் அண்ணன் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதையும், குழம்பில் கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் வைத்ததையும், கடையில் தீபாவளிக் கூட்டம் அலைமோதுகிற நேரமாகப் பார்த்துச் செத்து, முதலாளிக்கு அழக்கூட நேரமில்லாமல் பண்ணியதையும் விட்டுவிட்டு அவரைப் பற்றி என்னால் பேசவே முடியாது. பத்மா, அந்த மனுஷனுக்கு மனைவி என்று ஒருத்தி இருந்திருக்கவே மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த தாளைச் சொல்ல டீச்சரே தயங்கினார். உனக்கென்று அவர் வாட்சும் லேப்டாப்புமாக ஒரு பெட்டி அனுப்பினாராம். அதை டெல்லி ஏர்போர்ட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் எண்பத்தைந்தாயிரம் கட்டு, இல்லாவிட்டால் கேஸ் ஆகும் என்று ஒரு பெண் இந்தியில் போன் பண்ணினாளாம். கடலில் இருந்து அவரால் கட்ட முடியாதாம். கல்யாணம் முடிகிற வரை இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாராம். என்னிடம் சொன்னாயே, அதுவே பெரிய புண்ணியம். அட்டிகையை அடகு வைத்துப் பணம் அனுப்பு என்று எழுதியிருக்கிறாய்.

எடுத்துக்கொண்டு போனேன், பத்மா. உன் நகை, நீ சொன்னால் செய்ய வேண்டியவள் நான். கீழவாசல் பாங்கு வாசல் வரை போனேன். டோக்கன்கூட வாங்கிவிட்டேன். ஒரு நாள்கூடச் சண்டை போடாத அந்த அம்மா என் கண் முன்னே வந்து நின்றாள். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

டீச்சர் விடவில்லை. சிம்மக்கல்லில் உக்கிரபாண்டி என்று ஒருத்தர் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறார், வா கேட்கலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். அவர் தாளை வாங்கிப் பாதி படித்ததும் சிரித்தார். "யக்கா, இதே லெட்டரைப் போன மாசம் திருமங்கலத்துக்காரம்மா ஒருத்தவங்களுக்குப் பிரிண்டு எடுத்துக் கொடுத்தேன். அந்தாளு கப்பல்ல கேப்டன், இவரு எண்ணெய்க் கிணத்துல. மத்தபடி தேவதை, நிலா, டெல்லியில பொட்டி, அம்புட்டும் அதேதான்" என்றார். பரீட்சையில் காப்பி அடிக்கிற பிள்ளைகள்கூட இன்னும் கொஞ்சம் மாற்றி எழுதுமே என்றார் டீச்சர். அந்த அம்மா பணம் கட்டினாரா என்று நான் கேட்டேன். கட்டினாராம். பெட்டியும் வரவில்லை, அதற்குப் பிறகு லெட்டரும் வரவில்லையாம். உக்கிரபாண்டி அப்போது சிரிக்கவில்லை.

ஆகையால் நான் அடகு வைக்க மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கவில்லை. அட்டிகை உன்னுடையது. நேரில் வந்து கேள், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் உன் கையில் வைக்கிறேன். போன் மட்டும் பண்ணாதே. போனில் நீ அழுதால் நான் சரி என்று சொல்லிவிடுவேன், அதற்குப் பயந்துதான் தபாலில் எழுதுகிறேன். ஆபீசில் விண்ணப்பம் போட்டிருப்பதாக நீ எழுதிய பி.எஃப். லோனையும் இப்போதைக்கு நிறுத்தி வை.

எனக்காக இன்னும் ஒன்றே ஒன்று செய். பணம் கிடைக்கவில்லை என்று அவருக்கு எழுது. கூடவே அந்த அம்மாவின் பெயரைக் கேள். பத்து நாள் விட்டு மறுபடியும் கேள். நிஜமான மனுஷனாக இருந்தால் பெட்டி போனால் போகிறது என்று பெயரைச் சொல்வார். அப்படிச் சொல்லிவிட்டால் நான் நாக்பூர் வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் கல்யாணத்தில் கடைசிப் பந்தி முடிகிற வரை வாயைத் திறக்க மாட்டேன். நான் பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும்.

என் மேல் கோபம் வரும். வரட்டும். கோபத்தோடு சாப்பிடு, சாப்பிடாமல் இருக்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணி ஹம்சவேணி

மதுரை,
4.9.2008

என் செல்லப் பத்மாவுக்கு அண்ணி எழுதுவது.

ஏழு வாரமாகத் தபால்காரரை நான் படுத்திய பாட்டில் அவர் தெருவை மாற்றிக் கேட்டிருக்கிறாராம். நேற்று உன் இன்லேண்ட் லெட்டரை வாசலில் இருந்தே நீட்டிவிட்டு ஓடிப் போனார். மொத்தம் நாலு வரி. "பேர் கேட்டேன், சுனிதா என்றார். பணம் எப்போது வரும் என்றார். பத்து நாள் கழித்துக் கேட்டேன், ஷர்மிளா என்றார். அண்ணி, நீங்கள் பேச ஆரம்பிக்கலாம்."

கடைசி வரியைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். டீச்சருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. அவரே வந்து கேட்டார், பத்மா சௌக்கியம் என்று மட்டும் சொன்னேன். அவரும் வேறு எதுவும் கேட்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவை. போலீசில் எழுதிக் கொடுத்தால் இன்னொருத்தி தப்பிப்பாள் என்று மட்டும் படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். உனக்குத் தெம்பு வரும்போது செய். அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடாதே.

ஆபீசில் யார் என்ன நினைப்பார்கள் என்று குனிந்து நடக்காதே. படித்தவள் ஏமாறலாமா என்று உன்னையே திட்டிக்கொள்ளாதே. யாரோ எழுதிய நாலு நல்ல வார்த்தைக்கு மனசு இளகியது ஒரு குற்றமா. எனக்கு அப்படி ஒருத்தர் எழுதியிருந்தால் நான் டோக்கனைத் திருப்பிக் கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. அந்த மஞ்சள் சேலையை மட்டும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. அது அவன் வாங்கிக் கொடுத்ததில்லை, உன் சம்பளத்தில் நீ எடுத்தது. எடுத்து வா, ஃபால்ஸ் வைத்துத் தருகிறேன். நாக்பூரில் தைக்கிறவர்கள் கையை நம்ப முடியாது.

உன் அண்ணனுக்கு முதல் வருஷத் திதி தீபாவளிக்கு நாலு நாள் முந்தி வருகிறது. சேர்ந்தாற்போலப் பத்து நாள் லீவு போடு. இங்கே ஒரு கஷ்டம் பத்மா, உன்னிடம் சொல்வதற்கு என்ன. உன் அண்ணனைப் பற்றிய குறைகள் என்னிடம் தீர்ந்துகொண்டே வருகின்றன. சொன்னதையே சொல்கிறேன். மிக்சர் கதையைப் பதினொரு தடவை கேட்டாயிற்று என்று டீச்சர் காதைப் பொத்திக்கொள்கிறார். இப்படியே போனால் நானும் அவரைத் தேவதை ஆக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால் பதினைந்து வருஷம் அவரோடு மல்லுக்கட்டியவள் நீ. சைக்கிளில் இருந்து உன்னைத் தள்ளிவிட்டாராமே, உன் ரிப்பன் பெட்டியைப் பம்பரத்துக்காக விற்றாராமே, எல்லாம் அரைகுறையாகத்தான் எனக்குத் தெரியும். ஒன்றையும் அங்கே விட்டுவிடாமல் எடுத்து வா. ராத்திரிக்கு இட்லி, உனக்குப் பிடித்த தக்காளிச் சட்னி. நீ சொல்லு, நான் கேட்கிறேன். உன் கல்யாணத்துக்கென்று கொடுத்த வாக்கை இங்கே காப்பாற்றுகிறேன், நீ பேசி முடிக்கிற வரை வாயைத் திறக்க மாட்டேன்.

மீனாட்சி துணையால், ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டு, கறிவேப்பிலையைப் பொறுக்கி, காலத்துக்கும் நீ உட்கார்ந்து என்னிடம் குறை சொல்கிற மாதிரி ஓர் ஆள் உனக்குக் கிடைக்கட்டும். கிடைக்காவிட்டாலும் குறை சொல்ல நான் இருக்கிறேன், எனக்கு நீ இரு.

அரிசி டிரம்மில் புதிதாகக் கால் கிலோ மிக்சர் வாங்கி வைத்திருக்கிறேன். அட்டிகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நமுத்துப் போவதற்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணி ஹம்சவேணி ஹரிராம்