பதினான்காம் பக்கத்துக் கையெழுத்து

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உங்கள் தங்கை கடிதம் என்று ஆசையாகப் பிரித்திருப்பீர்கள். எழுதுவதுதான் அவள், சொல்வது நான். எங்கே பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு வந்து நிற்கிறது. காகிதத்தின் ஓரம் தெரிகிறது, எழுத்து தெரிவதில்லை. போன பார்வை திரும்பாது என்கிறார் கண் மருத்துவர்.

நாம் தொடங்கிய புழுத்துளைக் கணக்கு ஒருவழியாக முடிந்துவிட்டது. இருபத்திரண்டு பக்கம். தங்கை படியெடுத்ததை இத்துடன் அனுப்புகிறேன். நம் பழைய வழக்கம் நினைவிருக்கும்: ஒருவர் போட்டதை மற்றவர் தனியாகப் போட்டுப் பார்ப்பது, விடை ஒத்துப்போனால் மட்டும் பக்கத்தின் அடியில் கையெழுத்து. உங்கள் கையெழுத்து இல்லாமல் இது இந்த ஆய்வகத்தை விட்டுப் போகாது.

அன்புடன்,
மாப்பிள்ளை

(அண்ணா, இது நான். போன் பண்ணா எடுக்க மாட்டேங்குற. இதுக்காவது ரெண்டு வரி எழுது. தபால்காரர் செருப்புச் சத்தத்தைக்கூட இப்ப கண்டுபிடிச்சுடுறார் இவர்.)

மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

கண் விஷயம் அறிந்தேன். வருந்துகிறேன்.

பதினொரு வருஷத்துக்கு முன் வந்த நம் முதல் கட்டுரையை எடுத்து, என் பெயர் எங்கே இருக்கிறது என்று தங்கையை வாசிக்கச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் வரியில். தட்டச்சு செய்த அம்மாளுக்கும் ஏசி பழுதுபார்த்தவருக்கும் நடுவில். அதன்பின் நீங்கள் ஆய்வகத் தலைவரானீர்கள். நான் இங்கே கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கப்பியும் உராய்வும் நடத்துகிறேன். என் அறையில் பாதியை உடைந்த நாற்காலிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "சார், புழுத்துளைக்குள்ள போனா அந்தப் பக்கம் வெளிய வந்துரலாமா?" வர முடியாது என்றேன். வெகுதூரத்திலுள்ள இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி அது. ஒளிகூடப் பாதி தூரம் போவதற்குள் இறுகி மூடிவிடும். திறந்து வைக்க உள்ளே எதிர்மறை ஆற்றல் வேண்டும், அதாவது வெற்றிடத்தைவிடக் குறைவான ஒன்று. "ஒண்ணுமில்லாததைவிடக் குறைவா என்ன சார் இருக்க முடியும்?" என்று சிரித்தாள். என் பதவியைச் சொல்லியிருக்கலாம்.

கணக்கைப் பார்க்கிறேன். அது வேலை. உறவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
நன்றி வரியில் இருப்பவன்

மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

இருபத்திரண்டு பக்கத்தையும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்துக்கு மட்டும் மூன்று நாள் பிடித்தது. கணக்கின் போக்கு எங்கோ பார்த்ததாக இருந்தது. என் பாணியையும் எடுத்துக்கொண்டீர்கள் போலும், இருக்கட்டும்.

எல்லாப் பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தாராளமாக அனுப்புங்கள். மேடை போட்டே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்

ஏப்ரல் 9

அன்புள்ள மச்சானுக்கு,

கட்டுரை இதழுக்குப் போய்விட்டது. இனி சொல்லலாம். முதல் பெயர் உங்களுடையது.

அன்று பழைய இயக்குநர் உங்கள் பெயரை எடுக்கச் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வேலைக்குப் பயந்தேன். வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை. இருபதாம் தேதி ஆய்வக அரங்கில் கட்டுரையை அறிவிக்கும்போது எல்லோர் முன்னும் இதைச் சொல்லிவிட்டு, என் தலைவர் பதவிக்கு உங்களைக் கேட்கப் போகிறேன். தேர்வுக் குழுவினர் சரி என்றுவிட்டார்கள்.

பதினான்காம் பக்கம் பார்த்ததுபோல இருந்தது என்றீர்களே, இருக்காதா? அது நீங்கள் இங்கிருந்து போன அன்று மேசையில் விட்டுப்போன பென்சில் கணக்கு. ஓர் எழுத்தும் மாற்றவில்லை. வழக்கப்படி அதை நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்; கண் விடவில்லை. இங்குள்ள இளையவர்கள் "இன்னொரு தடவை பாத்துரலாமா சார்?" என்றார்கள். "மச்சான் கையெழுத்து இருக்குல்ல? அப்புறம் என்னய்யா?" என்று அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை

ஏப்ரல் 13

தங்கச்சிக்கு,

இதை அவருக்கு உரக்கப் படி. ஒரு சொல்லும் விடாதே.

பதினான்காம் பக்கம் தவறு. புழுத்துளையின் இரண்டு வாயும் ஒரே எடை என்று எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை மட்டும் கணக்கிட்டு இரண்டால் பெருக்கியிருக்கிறது. மறுபக்கம் அப்படி இல்லை. சரியாகக் கூட்டினால் எதிர்மறை ஆற்றல் போதாது, வழி மூடிவிடும். மார்ச் 24ஆம் தேதியே கண்டுபிடித்தேன். மூன்று முறை போட்டு உறுதி செய்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். தவறு அவருடையது என்று நினைத்தேன். அவர் மேடையில் நிற்கும்போது யாராவது எழுந்து அதைக் கேட்க வேண்டும் என்று விரும்பினேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல். கணக்கும் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது.

அண்ணன்

ஏப்ரல் 16

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது அவர் எதிரில் இருந்தார். "மச்சானா? படி, படி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் மனதுக்குள் படித்து முடித்தேன். "என்ன எழுதியிருக்கார்?" என்றார். உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சந்தோஷமாம். பழசையெல்லாம் மறந்துட்டாராம்" என்றேன்.

அவர் அழுதார், அண்ணா. பிறகு கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சட்டை மாற்றினால் அதுவும் கூடவே மாறுகிறது. கேட்டால் தரமாட்டேன் என்கிறார். இருபதாம் தேதி மேடையில் புதிய இயக்குநரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லப் போகிறாராம். "மச்சான் எழுதினது. எல்லாரும் கேக்கட்டும்."

இனி எழுதாதே. நீ எழுதுவதை நான் படித்துக் காட்ட மாட்டேன். முன்னாடியே வந்து உன் வாயால் நீயே சொல். செருப்புச் சத்தத்திலேயே நீதான் என்று தெரிந்துகொள்வார். வாசல் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அவரை அழைத்துப்போகக் கார் வரும்.

தங்கை